பேராசிரியர் ஹால்டேன்

பெரியோர் வாழ்க்கை வரலாறுகளைக் கற்பதனால் விளையும் பயன் இரு வகைப்படும். அவர்தம் நற்குணங்களைக் கண்டு நாமும் அவ்வழி ஒழுக முயலுதல் ஒன்று. அவர் தொடங்கி வைத்த பணி இன்று எந்நிலையில் நிற்கின்றது என்பதை அறிந்து, அதில் நமக்குரிய பங்கு யாதென உணர்தல் மற்றொன்று. இவ்விரு பயனையும் ஒருங்கே அளிக்க வல்லது ஜான் பர்டன் சாண்டர்சன் ஹால்டேன் என்னும் பேரறிஞரின் சரித்திரம்.

நம் சென்னை மாநகரில், மயிலாப்பூர், தியாகராயநகர், அடையாறு முதலிய பகுதிகளில் வாழும் குடும்பங்கள் பலவற்றில் ஆட்டிசம் என்னும் நிலையோடு பிறந்த குழந்தைகள் வளர்ந்து வருகின்றனர். பிறரோடு கலந்து பழகுதலும், முகக்குறிப்பை உணர்தலும், உரையாடலும் இக்குழந்தைகட்கு எளிதில் கைவருவதில்லை. செய்ததையே திரும்பத் திரும்பச் செய்தலும், சிறு ஓசையையும் தாங்கமாட்டாமையும் இவர்களிற் பலரிடத்துக் காணப்படும். இந்நிலைக்குக் காரணம் யாது என்னும் வினாவிற்கு விடை தேடுவோர், மரபணு மாற்றப்பெற்ற சுண்டெலிகளைத் துணைக்கொண்டு உலகெங்கும் ஆராய்ந்து வருகின்றனர். அவ்வாராய்ச்சி ஆற்றின் மூலத்தை நாடிச் செல்வோமாயின், ஆக்ஸ்போர்டு நகரத்தில் ஒரு வீட்டில் அண்ணனும் தங்கையும் வளர்த்த சுண்டெலிக் கூண்டுகளிற் சென்று முடியும். அவ்வண்ணனே நம் ஹால்டேன். பிற்காலத்தில் இந்நாட்டையே தம் நாடாகக் கொண்டு, இம்மண்ணிலேயே உயிர் நீத்தவரும் அவரே. ஆதலின் அவர் வாழ்வை ஈண்டுச் சுருங்க உரைப்போம்.

பிறப்பும் இளமையும்

ஹால்டேன் 1892-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 5-ஆம் நாள் ஆக்ஸ்போர்டு நகரில் பிறந்தார். தந்தையார் ஜான் ஸ்காட் ஹால்டேன், மூச்சு விடுதலைப் பற்றிய ஆராய்ச்சியிற் பெரும் புகழ் பெற்றவர். சுரங்கங்களில் தொழிலாளர் உயிரைக் கொள்ளை கொள்ளும் நச்சுக் காற்றுகளை ஆராய்வதற்கு அவர் தாமே சுரங்கங்களுள் இறங்கி அக்காற்றை உட்கொண்டு சோதிப்பார். தம் மகனையும் உடன் அழைத்துச் செல்வார். ஒருமுறை தீக்காற்று மண்டிய சுரங்கமொன்றில் சிறுவனை எழுந்து நிற்கச் செய்து, ஷேக்ஸ்பியர் நாடகத்தில் வரும் ஆண்டனியின் சொற்பொழிவை ஒப்பிக்கச் சொன்னார். சில அடிகள் சொல்வதற்குள் சிறுவன் மயங்கித் தரையிற் சாய்ந்தான். தரையருகே நல்ல காற்று இருந்தமையால் தெளிந்து எழுந்தான். இலேசான அக்காற்று மேலே தங்கும் என்பதை ஏட்டாலன்றித் தன் உடலாலேயே அவன் கற்றுக் கொண்டான். பிறரை வருத்துமுன் தன்னை வருத்திச் சோதித்தல் வேண்டும் என்னும் நெறி அன்றே அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

1901-ஆம் ஆண்டில், மகன் எட்டு வயதினனாய் இருந்தபொழுது, தந்தையார் அவனை ஒரு சொற்பொழிவிற்கு அழைத்துச் சென்றார். பேசியவர் டார்பிஷயர் என்னும் அறிஞர். பொருள், மெண்டல் என்னும் கிறிஸ்தவத் துறவி பட்டாணிச் செடிகளைக் கொண்டு கண்டறிந்த மரபு விதிகள். மெண்டல் 1866-இல் வெளியிட்ட உண்மைகள் முப்பத்து நான்கு ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்து, 1900-ஆம் ஆண்டிலேதான் மீண்டும் வெளிப்பட்டிருந்தன. அன்று செவியில் விழுந்த விதை பின்னர்ப் பெருமரமாயிற்று. ஹால்டேன் ஈட்டன் பள்ளியிலும், பின்னர் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையிலும் பயின்றார். அங்கு அவர் கற்றவை கணிதமும், கிரேக்க லத்தீன் இலக்கியங்களுமே. உயிர்நூலில் பட்டம் ஒன்றும் அவர் பெற்றவரல்லர் என்பது நம் மாணவர் கருதத்தக்கது.

சுண்டெலிகளும் போர்க்களமும்

அவர்தம் தங்கை நவோமி. இவர் பிற்காலத்தில் நாவலாசிரியராய்ப் புகழ் பெற்றவர். சிறுமியாய் இருந்தபொழுது இவர் வீட்டுப் புல்வெளியிற் கினிப்பன்றிகளைக் கூட்டங் கூட்டமாய் வளர்த்து வந்தார். அண்ணன் அவற்றின் மயிர் நிறத்தையும் குட்டிகளின் நிறத்தையும் கணக்கிட்டு, மெண்டலின் விதிகள் அங்கும் செல்கின்றனவா என்று பார்த்தார். பின்னர் இருவரும் சுண்டெலிகளுக்கு மாறினர். சுண்டெலி சிற்றிடத்தில் வாழும். ஏறத்தாழ இருபது நாளிற் குட்டி ஈனும். ஓராண்டிற் பல தலைமுறைகளைக் காணலாம். மனிதரிடத்தில் ஒரு நூற்றாண்டிற் காண்பதைச் சுண்டெலியிடத்தில் ஓராண்டிற் காணலாம் என்றால் மிகையாகாது.

டார்பிஷயர் வெளியிட்டிருந்த சுண்டெலிக் கணக்குகளை ஹால்டேன் ஊன்றிப் படித்தபொழுது, அவற்றை எழுதியவர் கண்ணுக்கே தென்படாத ஓர் உண்மை அவருக்குப் புலப்பட்டது. வெண்மயிர் என்னும் குணமும், இளஞ்சிவப்புக் கண் என்னும் குணமும் தனித்தனியே செல்லாமல், பெரும்பாலும் ஒன்றையொன்று தொடர்ந்தே சந்ததியிற் சென்றன. ஒரே சரத்திற் கோத்த மணிகளிரண்டு போல, இவ்விரு குணங்களுக்குரிய மரபணுக்களும் ஒரே குரோமோசோமில் அமைந்துள்ளன என்பதே அதன் பொருள். பிறர் கணக்கை மட்டும் நம்பி இவ்வுண்மையை வெளியிடுதல் தகாது, தாமே வளர்த்துக் கணக்கெடுத்தல் வேண்டும் எனப் பெரியோர் அறிவுறுத்தினர். அதன்படி ஹால்டேனும் நவோமியும் ஸ்பிரண்ட் என்னும் நண்பரும் சேர்ந்து சுண்டெலிகளை வளர்த்து எண்ணலாயினர்.

அந்நிலையில் 1914-ஆம் ஆண்டு ஐரோப்பாவில் பெரும்போர் மூண்டது. ஹால்டேன் சேனையிற் சேர்ந்து பிரான்ஸ் நாட்டுப் போர்முனைக்குச் சென்றார். ஸ்பிரண்டும் சென்றார், 1915-இல் உயிர் துறந்தார். ஆராய்ச்சி முடிவு பெறுமுன்னரே, கையிலிருந்த கணக்குகளைக் கொண்டு அவ்வாண்டே கட்டுரை வெளியிடப் பெற்றது. மூவர் பெயரும் அதில் இருந்தன; மூவருள் ஒருவர் அப்பொழுது உயிரோடில்லை. முதுகெலும்புடைய பிராணிகளில் இரு மரபணுக்கள் பிணைந்து செல்லுதலை உலகிற்கு முதன்முதற் காட்டிய கட்டுரை அதுவே. மரபியற் பத்திரிகை என்னும் பொருளுடைய ஆங்கில இதழில் அது வெளிவந்தது. அவ்விதழைப் பற்றிப் பின்னரும் கூறுவோம்.

ஹால்டேன் போரில் இருமுறை காயமுற்றார். மெசபொடேமியாவிற் காயமுற்றபின் சிகிச்சையின் பொருட்டு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். ஆளும் இனத்தவராய் வந்து நின்று, இந்நாட்டு மக்களோடு சமமாய்ப் பழக இயலாமற் போனது அவருக்கு வருத்தம் அளித்தது. சமமாய்ப் பழகக் கூடிய நாள் வருமாயின் அன்றி இங்கு மீண்டும் வருவதில்லை என்று அவர் உறுதி கொண்டார். நாற்பது ஆண்டுகள் சென்றபின் அவ்வுறுதி நிறைவேறியது.

கணிதமும் உயிர்நூலும்

போர் முடிந்தபின் ஆக்ஸ்போர்டிலும், 1923 முதல் கேம்பிரிட்ஜிலும் அவர் பணி புரிந்தார். 1924 தொடங்கி, இயற்கைத் தேர்வு எவ்வளவு விரைவில் ஓர் இனத்தை மாற்றும் என்பதைக் கணித வாய்பாடுகளால் விளக்கும் கட்டுரைத் தொடரை வெளியிட்டார். டார்வின் கொள்கையையும் மெண்டல் விதியையும் பகையாகக் கருதி வாதிட்டோரை, ஃபிஷர், ரைட் என்னும் இருவரோடு சேர்ந்து, இவர் கணிதத்தால் ஒருமைப்படுத்தினார். 1927 முதல் பத்தாண்டுகள் ஜான் இன்ஸ் தோட்டக்கலை நிலையத்திலும் பகுதி நேரம் உழைத்தார். சென்னை இராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்று, சென்னைப் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியையாய் இருந்த ஜானகி அம்மாள் பின்னாளில் ஆராய்ச்சி செய்ததும் அந்நிலையத்திலேதான் என்பதை நம் ஊரார் நினைவிற் கொள்ளலாம்.

1933-இல் லண்டன் யூனிவர்சிடி கல்லூரியில் ஹால்டேன் பேராசிரியரானார். அங்கு அவர் செய்தவற்றுள் மூன்றை மட்டும் ஈண்டு எடுத்துரைப்போம். ஆட்டிச ஆராய்ச்சியோடு நெருங்கிய உறவுடையவை அவை மூன்றே.

முதலாவது, 1935-ஆம் ஆண்டுக்குரியது. காயம் பட்டால் குருதி உறையாது வழியும் நோயுடைய ஆண்களிற் பலர் அக்காலத்தில் சந்ததி பெறாமலே இறந்தனர். அங்ஙனமாயின் அந்நோய் உலகினின்றும் மறைந்து போதல் வேண்டுமன்றோ? மறையவில்லை. ஆகவே புதிது புதிதாய் அம்மரபணு மாறிக் கொண்டே இருத்தல் வேண்டும் என அவர் உய்த்துணர்ந்தார். ஒரு தலைமுறையில் ஏறத்தாழ 50,000-இல் ஒன்று என்னும் அளவில் அம்மாற்றம் நிகழ்வதாகவும் கணக்கிட்டார். பெற்றோரிடம் இல்லாத மாறுதல் பிள்ளையிடம் புதிதாய்த் தோன்றலாம் என்னும் இவ்வுண்மை மிகவும் முக்கியமானது.

இரண்டாவது, 1937-இல் ஜூலியா பெல் என்னும் அறிஞரோடு சேர்ந்து செய்தது. அக்குருதி நோயும் நிறக்குருடும் மனிதரின் எக்ஸ் குரோமோசோமில் பிணைந்து செல்கின்றன எனக் குடும்ப வரலாறுகளைக் கொண்டு இருவரும் நிறுவினர். சுண்டெலியிற் கண்ட பிணைப்பை மனிதரிடத்திற் கண்டது இதுவே முதன்முறை.

மூன்றாவது, 1947-இல் வெளியிட்டது. இத்தகைய புதிய மாறுதல்கள் தாயிடத்தினும் தந்தையிடத்திலேயே மிகுதியாய்த் தோன்றுகின்றன என்பது அதன் முடிவு. அறுபத்தைந்து ஆண்டுகள் சென்றபின், 2012-இல், ஐஸ்லாந்து நாட்டில் 78 குடும்பங்களின் மரபணுத் தொகுதி முழுவதையும் எழுத்தெழுத்தாய்ப் படித்துப் பார்த்தனர். அக்குடும்பங்களிற் பல, ஆட்டிசமுடைய பிள்ளையைப் பெற்றவை. தந்தையின் வயது ஓராண்டு ஏறுந்தோறும் பிள்ளையிடத்துப் புதிய மாறுதல் ஏறத்தாழ இரண்டு மிகுகின்றது எனக் கண்டனர். எழுதுகோலும் தாளும் கொண்டு ஹால்டேன் கணித்தது பொய்க்கவில்லை.

எலியும் ஆட்டிசமும்

1943-ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் குறிக்கத்தக்கது. அமெரிக்காவில் லியோ கானர் என்னும் மருத்துவர், தனிமையை நாடும் பதினொரு குழந்தைகளை விவரித்து, ஆட்டிசம் என்னும் நிலையை உலகறியச் செய்தது அவ்வாண்டில். ஹால்டேனின் துணைவராய் இருந்த ஜூலியா பெல், மார்ட்டின் என்னும் மருத்துவரோடு சேர்ந்து, ஒரு குடும்பத்தில் ஆண்மக்களிடம் எக்ஸ் குரோமோசோம் வழியே வரும் அறிவு வளர்ச்சிக் குறைவை விவரித்ததும் அதே ஆண்டில். இரண்டும் உறவுடையன என்பதை அன்று எவரும் அறிந்திலர். குரோமோசோமின் நுனி முறிந்தாற் போலத் தோன்றுவதால் நொறுங்கும் எக்ஸ் எனப் பின்னர்ப் பெயர் பெற்ற அந்நிலையே, ஒற்றை மரபணுவால் ஆட்டிசம் உண்டாகும் வகைகளுள் மிகுதியாய்க் காணப்படுவதொன்று என இன்று அறிகின்றோம்.

இடைக்காலத்தில் நேர்ந்த கொடுமை ஒன்றுண்டு. தாயின் அன்பு குளிர்ந்து போனமையாலேயே பிள்ளைக்கு ஆட்டிசம் வந்தது என்று மேனாட்டு அறிஞர் சிலர் கூறினர், உலகமும் நம்பியது. பிள்ளையின் துன்பத்தைத் தாங்கும் தாயின் தலைமேல் பழியையும் சுமத்தினர். நம் நாட்டிலோ, மருமகளின் கருவையும், அவள் முன்வினையையும் குறை கூறும் நாவுகளுக்கு என்றும் பஞ்சமில்லை. 1977-இல் இரட்டைப் பிள்ளைகளை ஆராய்ந்து, ஆட்டிசத்திற்கு மரபே பெருங்காரணம் எனக் காட்டிய பின்னரே அப்பழி தளரத் தொடங்கிற்று. ஆதலின் மரபணுவைத் தேடும் ஆராய்ச்சியை வெறும் அறிவு விளையாட்டு என்று எண்ணுதல் பொருந்தாது. குற்றமற்ற தாய்மார் பலரை அது விடுவித்தது.

நொறுங்கும் எக்ஸ் நிலைக்குரிய மரபணு 1991-இல் அகப்பட்டது. அதன்கண் மூன்றெழுத்துக் கொண்ட ஒரு தொடர் இயல்பாய் முப்பது முறை அளவிற் காணப்படும்; அது இருநூற்றுக்கு மேற்பட்டுப் பெருகுமாயின் மரபணு ஊமையாகிவிடும். அம்மரபணு செய்யும் புரதம் மூளையில் இல்லாதொழியின் விளைவு யாது? இதனைக் குழந்தையின் மூளையைத் திறந்து காண்டல் இயலாது. இங்கேதான் சுண்டெலி வேண்டப்படுகின்றது. சுண்டெலியின் கருவிலிருந்து எடுத்த மூல உயிரணுவில் குறித்த ஒரு மரபணுவை மட்டும் செயலிழக்கச் செய்து, அவ்வணுவை வேறொரு கருவினுட் புகுத்தி, அதன் வழித் தோன்றும் சந்ததியில் அம்மரபணு அற்ற சுண்டெலிகளைப் பெறலாம். இம்முறையை வகுத்த கபெக்கி, எவான்ஸ், ஸ்மித்தீஸ் என்னும் மூவருக்கு 2007-இல் நோபெல் பரிசு அளிக்கப் பெற்றது. இம்முறையால் 1994-இல் டச்சு, பெல்ஜிய அறிஞர்கள் நொறுங்கும் எக்ஸ் சுண்டெலியை உண்டாக்கினர். அதன் நரம்பணுக் கிளைகளில் உள்ள நுண்முட்கள் முதிராமல் நீண்டு மெலிந்து காணப்பட்டன. அந்நிலையில் இறந்த மனிதரின் மூளையிலும் அவ்வண்ணமே முன்னர்க் கண்டிருந்தனர்.

சுண்டெலிக்கு ஆட்டிசம் உண்டு என்று எங்ஙனம் அறிவது? அது பேசாது, ஆயினும் அதன் செய்கை பேசும். மூன்று அறைகள் கொண்ட பெட்டியின் நடுவே அதனை விடுவர். ஒரு புறத்து அறையில் வேறொரு சுண்டெலியும், மறுபுறத்து அறையில் உயிரற்ற பொருளும் இருக்கும். இயல்பான சுண்டெலி தன் இனத்தையே நாடிச் சென்று மோந்து பழகும். மாற்றப்பெற்ற சுண்டெலிகளிற் சில இரண்டினையும் ஒன்றாகவே மதிக்கும். சில ஓயாது தம் உடலையே நக்கி வழித்துக் கொள்ளும். தாயைப் பிரிந்த குட்டிகள் நம் செவிக்கெட்டாத நுண்ணொலியால் அழைப்பதிலும் வேறுபாடு தோன்றும். இவற்றைக் கொண்டே ஆராய்வோர் ஒப்பு நோக்குகின்றனர்.

இனி வியப்பானதொரு செய்தி கூறுவோம். ஹால்டேனும் அவர் தங்கையும் எண்ணிய இளஞ்சிவப்புக் கண்ணுக்குரிய மரபணு சுண்டெலியின் 7-ஆம் குரோமோசோமில் உள்ளது. மனிதரிடத்து அதற்கு நேரான மரபணு 15-ஆம் குரோமோசோமில் ஒரு குறித்த பகுதியில் அமைந்துள்ளது. அப்பகுதி இரட்டித்துப் போதல் ஆட்டிசத்தோடு தொடர்புடைய குரோமோசோம் மாறுதல்களுள் நன்கு அறியப்பட்டதொன்று. 2009-இல் ஜப்பானிய அறிஞர்கள் அப்பகுதிக்கு நேரான துண்டைச் சுண்டெலியில் இரட்டிக்கச் செய்தனர். அச்சுண்டெலிகள் பிறவற்றோடு பழகுதலிற் குன்றின. பழகிய வழியை மாற்றிக்கொள்ள இயலாமல் தடுமாறின. நூற்றாண்டுக்கு முன் ஒரு சிறுமி கண் நிறம் பார்த்துக் குறித்துவைத்த மரபணுவின் அண்டை வீட்டிலேயே, இன்றைய பெற்றோர் தேடும் விடையின் ஒரு பகுதி ஒளிந்திருந்தது!

ஆயினும் சுண்டெலி மனிதரன்று. மேற்கூறிய இரட்டிப்பு மனிதரிடத்துத் தாய்வழி வரும்போதே பெரும்பாலும் ஆட்டிசம் விளைகின்றது. சுண்டெலியிலோ தந்தைவழி வந்தபோது அத்தன்மை தோன்றியது. நொறுங்கும் எக்ஸ் சுண்டெலிகளைக் குணப்படுத்திய மருந்துகள் மனிதரிடத்துப் பயன் தரவில்லை என்பது 2016-இல் வெளியான சோதனை முடிவுகளால் தெரிந்தது. ஆட்டிசத்தோடு தொடர்புடைய மரபணுக்களோ நூற்றுக்கு மேற்பட்டவை. ஒன்றை அறிந்தால் யாவும் அறிந்ததாகாது. மற்றொரு புறம், ஆட்டிசத்தோடு முன்னர்ச் சேர்த்து எண்ணப்பட்ட ரெட் நிலையில், 2007-இல் எடின்பரோவில் அடங்கிக் கிடந்த மரபணுவை வளர்ந்த சுண்டெலியில் மீண்டும் இயங்கச் செய்தபொழுது, நலிந்து கிடந்தவை தேறி எழுந்தன. மூளையில் நேர்ந்த குறை என்றும் மாற்றவொண்ணாதது என்னும் கொள்கை அன்று அசைந்தது. நம்பிக்கைக்கு இடம் உண்டு, அவசரத்திற்கு இடமில்லை. பெங்களூரில் ஜவாஹர்லால் நேரு உயர்நிலை அறிவியல் ஆராய்ச்சி மையத்திலும் இத்தகைய சுண்டெலிகளைக் கொண்டு ஆராய்ச்சி நடைபெற்றுள்ளது. அடையாற்றை அடுத்த சென்னை ஐ. ஐ. டி.யில் 2022-இல் நிறுவப்பெற்ற மூளை ஆராய்ச்சி மையம், கருவில் வளரும் மனித மூளையையே நுண்படலங்களாய்ப் படமாக்கி உலகிற்கு அளித்துள்ளது. எலி காட்டாததை அப்படம் காட்டும். படம் காட்டாத இயக்கத்தை எலி காட்டும்.

அறிஞரின் குறை

பெரியோர் குறையை மறைத்து எழுதுதல் வரலாறாகாது. ஹால்டேன் பொதுவுடைமைக் கட்சியிற் சேர்ந்து, அக்கட்சியின் நாளிதழில் பல ஆண்டுகள் பாமரரும் உணரும்படி அறிவியற் கட்டுரைகள் எழுதினார். அது நற்பணியே. ஆனால் ருஷ்ய நாட்டில் லைசென்கோ என்பவர் அரசின் ஆதரவால் மெண்டலின் நூலையே பொய்யென்று தள்ளினார். பெரும் மரபியலறிஞரான வாவிலோவ் 1943-இற் சிறையில் மாண்டார். அவரை நன்கறிந்த ஹால்டேன், கட்சிப் பற்றின் காரணமாக, வெளிப்படையாய்க் கண்டிக்க வேண்டிய காலத்திற் கண்டிக்கவில்லை. 1950 அளவிற் கட்சியை விட்டு விலகினார். தம் உடலைப் பணயம் வைக்க அஞ்சாதவர், தம் கட்சியாரை எதிர்க்கத் தயங்கினார் என்பதை நாம் வருத்தத்தோடு குறிக்கின்றோம். கடவுட் கொள்கையிலும் அவருக்கும் எம் கல்லூரியின் நெறிக்கும் நெடுந்தொலைவு உண்டு. எனினும் உண்மையைத் தேடுவதற்குத் தம்மையே ஈந்த அவர் பண்பைப் போற்றுதற்கு அது தடையாகாது. 1939-இல் தீடிஸ் என்னும் நீர்மூழ்கிக் கப்பல் ஆழ்ந்து 99 பேர் மாண்டபொழுது, அம்மரணத்தின் காரணத்தை அறிவான் வேண்டி, அவர் அடைத்த எஃகு அறைக்குள் நச்சுக் காற்றிலும் மிகு அழுத்தத்திலும் தம்மையே இருத்திச் சோதித்தார். இவ்வகைச் சோதனைகளால் அவர் முதுகெலும்பு ஊறுபட்டது.

இந்திய வாழ்வு

1957-ஆம் ஆண்டு, சூயெஸ் கால்வாய்ப் போரில் தம் நாடு நடந்துகொண்ட முறையை வெறுத்து, ஹால்டேன் தம் மனைவியாரும் உயிர்நூல் வல்லவருமான ஹெலன் ஸ்பர்வேயுடன் இந்தியாவுக்கு வந்தார். பேராசிரியர் மகாலனோபிஸ் அழைப்பின்படி கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிலையத்திற் சேர்ந்தார். சுதேசி உடை அணிந்தார். மரக்கறி உணவை மேற்கொண்டார். 1961-இல் இந்நாட்டுக் குடியாகவும் ஆனார். அடுத்த ஆண்டு புவனேசுவரம் சென்று, ஒரிசா அரசின் ஆதரவில் ஆராய்ச்சி நிலையம் அமைத்தார்.

சென்னையில் மவுண்ட் ரோட்டிலிருந்து வெளிவரும் ஹிந்து நாளிதழில் அவர் எழுதிய கட்டுரைகளை நம் ஊர்ப் படித்த மக்கள் அக்காலத்தில் ஆவலோடு படித்தனர். விலையுயர்ந்த கருவியின்றி அறிவியல் வளராது என்று சோர்வுற்றிருந்த இளைஞருக்கு அவர் கற்பித்த பாடம் எளியது: கண்ணுள்ளவன் எண்ணுவானாக. அவர் மாணவருள் ஒருவர் தென்னைகளின் ஓலை எந்தத் திசையிற் சுழன்று ஏறுகின்றது என்று எண்ணினார். ஒருவர் ஆட்காட்டிக் குருவியின் கூட்டருகே காத்திருந்து கணக்கெடுத்தார். ஒருவர் ஆந்திர நாட்டில் மாமன் மருமகள் மணத்தின் விளைவை ஆராய்ந்தார். தென்னாட்டில் வழங்கும் இவ்வுறவு மணத்தைப் பற்றி ஹால்டேன் பெரிதும் கருத்துச் செலுத்தினார். நெருங்கிய உறவில் மணம் செய்யின், இரு பக்கத்தும் மறைந்து கிடக்கும் குறையுள்ள மரபணுக்கள் ஒன்று கூட ஏதுவுண்டு என்பது மரபியலின் பழைய பாடமன்றோ? இலண்டனிலிருந்து தம்மோடு அவர் கொண்டுவந்த செல்வம் ஒன்றுண்டு. அதுவே, 1915-இல் அவர் தம் சுண்டெலிக் கட்டுரை வெளிவந்த மரபியற் பத்திரிகை. அதனை அவர் இந்நாட்டிலிருந்து நடத்தினார். அவருக்குப் பின் சில காலம் தளர்ந்த அவ்விதழை, நம் மாநிலக் கல்லூரி மாணவராய் இருந்த சர் சி. வி. ராமன் நிறுவிய இந்திய அறிவியற் கழகம் 1985 முதல் பெங்களூரிலிருந்து வெளியிட்டு வருகின்றது.

உயிர்களைக் கொல்லாமல் உயிர்நூல் பயிலுதல் கூடும் என்பது இந்தியாவில் அவர் வற்புறுத்திய கொள்கை. பறவைகளைச் சுட்டு வீழ்த்தாமலே அவற்றை ஆராயும் வகை பற்றி 1959-இல் அவர் எழுதினார். அதே காலத்தில் நம் அடையாற்றில் வாழ்ந்த ருக்மிணி தேவி அருண்டேல், ராஜ்ய சபை உறுப்பினராய் இருந்து, பிராணிகளை வதைத்தலைத் தடுக்கும் மசோதாவை 1953-இல் கொணர்ந்தார். அதன் பயனாய் 1960-இல் சட்டம் இயற்றப் பெற்றது. ஆராய்ச்சிக் கூடத்துச் சுண்டெலிக்கும் இன்று காவலாய் நிற்பது அச்சட்டமே. வேறு வழி உளதா, எத்தனை உயிர் வேண்டும், நோவு எங்ஙனம் குறைக்கப்படும் என்னும் வினாக்களுக்கு விடை கூறாமல் எவரும் எலியைத் தொடலாகாது. ஹால்டேனின் இளமையும் முதுமையும் இவ்விடத்தில் ஒன்று கூடுகின்றன. எலி இல்லாமற் சில உண்மைகள் வெளிப்படா. எனினும் அவ்வெலிக்கு நாம் கடன்பட்டோர் என்பதை மறத்தலும் தகாது.

முடிவு

1964-ஆம் ஆண்டு புற்றுநோய் அவரைப் பற்றியது. மருத்துவமனைப் படுக்கையில் இருந்துகொண்டே, அந்நோயைப் பற்றிச் சிரிப்பூட்டும் செய்யுள் ஒன்றை எழுதினார். தயக்கத்தால் மருத்துவரிடம் செல்லாதோர் விரைந்து செல்லவேண்டும் என்பதே அதன் நோக்கம். அவ்வாண்டு டிசம்பர் 1-ஆம் நாள் புவனேசுவரத்தில் உயிர் நீத்தார். அவர் விருப்பப்படி அவர் உடல் காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரி மாணவரின் பயிற்சிக்கு அளிக்கப் பெற்றது. சிறுவனாய்ச் சுரங்கத்திற் சோதனைப் பொருளாய் நின்ற உடல், இறந்த பின்னும் சோதனைப் பொருளாகவே பயன்பட்டது.

இவ்வரலாற்றால் நாம் பெறும் பாடம் யாது? ஆட்டிசமுடைய பிள்ளையைப் பெற்றோர், மருந்து எப்பொழுது வரும் என வினவுவது இயல்பே. அவர்தம் ஆவலைப் பொருளாக்கிக்கொள்ள விழைவோரும் உளர். மூல உயிரணுச் சிகிச்சை ஆட்டிசத்திற்குப் பரிந்துரைக்கத் தக்கதன்று என 2022-இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் குழு தெரிவித்திருப்பதை யாவரும் அறிதல் நலம். எலியிடத்துக் கண்டது மனிதரிடத்துப் பலிக்கும் என்று கூறுமுன், எண்ணி எண்ணித் தெளிதல் வேண்டும் என்பதே ஹால்டேனின் நெறி. டார்பிஷயரின் கணக்கிலேயே உண்மை தெரிந்த பின்னரும், தாமே வளர்த்து எண்ணாமல் அதை அவர் வெளியிடவில்லை.

அறிவியல் தன் காலத்தில் வரும். அன்பு அதுவரை காத்திருத்தல் வேண்டா. கோட்டூர்புரத்தில் 1985-இல் தொடங்கிய வித்யாசாகர், இராஜா அண்ணாமலைபுரத்தில் 2001-இல் தோன்றிய வி-எக்செல், முட்டுக்காட்டில் மத்திய அரசு 2005-இல் அமைத்த நிலையம் முதலியவை இத்தகைய குழந்தைகட்குக் கல்வியும் பயிற்சியும் அளிக்க முற்பட்டுள்ளன. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் ஆட்டிசமுடையோர்க்கு உரிமைகளை வகுத்துள்ளது. ஆயினும் பூங்காவிலும் பேருந்திலும் கோயிலிலும் தேவாலயத்திலும், ஒரு குழந்தை கூவியழும்பொழுது தாயைக் குற்றம் நாடும் கண்ணோடு நோக்காதிருத்தல் எச்சட்டத்தாலும் வருவதன்று. நம் உள்ளத்தால் வருவது. தாயின்மீது பழியில்லை என்பதை ஹால்டேன் போன்றோர் கணக்கால் நிறுவத் தொடங்கினர். அதனை நடக்கையால் நிறுவுதல் நம் கடன். எம் கல்லூரி மாணவருள் உயிர்நூல் பயில்வோர் ஆராய்ச்சியாலும், ஏனையோர் அருளாலும் அக்கடனைச் செலுத்துவாராக.